பன்னிரண்டாம் பக்கத்தில் மாவு மில்

அந்த எட்டு நாவல்களிலும் சேர்த்துப் பதினோரு பேர் சாகிறார்கள். ஒரு சாவுகூட என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்திருப்பார். இன்னொருவர் தன் தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு நடுவே கிடப்பார். ரத்தம் தெறிக்காது, அலறல் கேட்காது. செத்தவர் எதற்காகச் செத்தார் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற பெண்மணி மட்டும் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்துக்கொண்டிருப்பார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் நூலகத்துக்கு வரச்சொல்லி, வட்டமாக உட்காரவைத்து, கொலைகாரர் யார் என்று சொல்வார். போலீஸ் அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

எந்த நாடு என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கடல் இருக்கிறது, எப்போதும் மழை பெய்கிறது. வேறு மொழியில் எழுதியதை யாரோ நல்ல தமிழில் பெயர்த்திருக்கிறார்கள். சங்கரன்கோவிலை விட்டுச் சென்னைக்குக் குடிபோன ஒரு குடும்பம், வீட்டைக் காலி செய்யும்போது எங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன புத்தகங்கள் அவை. கடைசி அலமாரியில், குனிந்து எடுக்க வேண்டிய தட்டில், எட்டும் வரிசையாக இருந்தன.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். விசைத்தறி செட்டில் வேலை. நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நூல் அறுந்தால் முடிந்து மறுபடி ஓட்ட வேண்டும். தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டினால் போதும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்களிடம் பேச எனக்கு வராது. முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். அது கிளம்பி வருவதற்குள் எதிரில் இருப்பவர் பேச்சை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

அதனால்தான் ஒன்பது வருடம் நூலகத்துக்குப் போய்வந்தும் நான் உறுப்பினர் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போவேன். பத்திரிகை மேசையில் உட்காருவேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதையை வாசித்துவிட்டு வந்துவிடுவேன். உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் கேட்க வேண்டும். விண்ணப்பம் நிரப்ப வேண்டும். "என்ன படிச்சிருக்கீய?" என்று ஒரு கேள்வி வரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இருக்கிற நூலகர் மாற்றலாகி வந்த மூன்றாவது வாரம், நான் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகைக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். உறுப்பினர் விண்ணப்பம். பெயரும் விலாசமும் தவிர மற்றதெல்லாம் அவரே நிரப்பியிருந்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தினமும் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நாற்பது வயதிருக்கும். எல்லோரும் மேடம் என்பார்கள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மூணு வாரமா பாக்கேன் அண்ணாச்சி. தொடர்கதைப் பக்கத்த மட்டும் வாசிச்சிட்டு வச்சிருதீய. போன வாரம் அந்தப் பத்திரிகை வரல. கைய மடக்கி வச்சிக்கிட்டு அரை மணி நேரம் சும்மாவே இருந்தீய. ஒங்களுக்குப் புத்தகம்தான வேணும்?"

அப்படித்தான் எனக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்த அன்று, வழியில் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். அது போய்விட்டால் இன்னொரு முறை போய்க் கேட்பதற்கு எனக்கு இன்னொரு ஒன்பது வருடம் ஆகும் என்று அன்றே தெரியும்.

மேடம் எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்ததே அந்த எட்டில் ஒன்றைத்தான். "இதுல துப்பறியுதது எங்க ஆளு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நாவல்களில் வரும் நூலக அம்மாளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. அவருக்குத் துப்பாக்கி இல்லை, கார் இல்லை, ஓட முடியாது. முழங்கால் வலி உண்டு. அவரிடம் இருப்பதெல்லாம் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்கிற நினைவு. காளான் சமையல் பற்றிய புத்தகத்தை ஒருவர் இரண்டு முறை புதுப்பித்திருப்பார். ஆனால் அவர் வீட்டில் சமைப்பதே இல்லை. நீச்சல் தெரியாது என்று சொன்னவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் பக்கங்கள் உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்திருக்கும். புத்தகத்துக்குள் விட்டுப்போன பஸ் டிக்கெட், வெண்ணெய்க் கறை, மடக்கிய பக்க முனை, இவ்வளவுதான் அவருக்குத் தடயம். ஊரில் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. அவரோ எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கிறார். பேசாமல் இருப்பது ஒரு குறை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு திறமையாகவும் இருக்க முடியும் என்று எனக்குச் சொன்னவை அந்தப் புத்தகங்கள்.

ஒரே ஒரு கஷ்டம்தான். பெயர்கள். ஒரு கதையில் இருபது பேர் வருவார்கள். எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். மூன்று பேருக்கு முதல் எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஷிப்ட் முடிந்து வந்து பத்துப் பக்கம், மறுநாள் பத்துப் பக்கம் என்று வாசிக்கிறவன் நான். நாற்பதாம் பக்கத்தில் ஒருவர் கதவைத் தட்டும்போது, வந்தது பாதிரியாரா, வங்கிக்காரரா, செத்துப்போனவரின் தம்பியா என்று தெரியாது. திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். துணியில் குறி போடுவதற்காக எப்போதும் ஒரு பென்சிலைக் காதில் செருகியிருப்பேன். ஒருவர் கதையில் முதல் தடவை வரும்போது, அவர் பெயருக்கு மேலே எங்கள் ஊர் ஆள் ஒருவரைச் சின்னதாக எழுதிவிடுவேன். வீட்டிலிருந்து தறி செட்டுக்கு நான் தினமும் நடக்கிற ரோட்டில் யாரெல்லாம் இருக்கிறார்களோ அவர்கள்தான். எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற தோட்டக்காரர் வந்தால் "சைக்கிள் கடை". ஊரில் நடக்கிற எல்லாம் தெரிந்த விதவைப் பெண்மணிக்கு, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அம்மாவை நினைத்து "பூக்காரம்மா". மருத்துவர் வந்தால் "ஹோமியோபதி". அதற்குப் பிறகு கதை தண்ணீர் மாதிரி ஓடும். அந்த மழைக்கார ஊரில் சைக்கிள் கடைக்காரரும் பூக்காரம்மாவும் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்படுவதை நான் கண்ணால் பார்ப்பேன்.

நூலக அம்மாளுக்கு மட்டும் ரோட்டில் ஆள் தேடவில்லை. முதல் நாவலின் மூன்றாம் பக்கத்தில், அவர் சாவியோடு வந்து கதவைத் திறக்கிற இடத்தில், "மேடம்" என்று எழுதினேன்.

வாசித்து முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அழிக்கவில்லை. புத்தகத்தின் பின்னால் ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டில் என் தேதிகளைத் தவிர வேறு தேதி கிடையாது. வேறு யார் வாசிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் வாசித்தார்கள். முதலில் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிற அக்கா எடுக்க ஆரம்பித்தார். நான் எட்டாவதை முடிப்பதற்குள் அவர் மூன்றாவதற்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு மாவு மில்லுக்காரர் வந்தார்.

அவர் எங்கள் ரோட்டில் மாவு மில் வைத்திருப்பவர். கண் ஆபரேஷன் முடிந்து, தூசியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மில்லை மகனிடம் விட்டுவிட்டு நூலகத்துக்கு வர ஆரம்பித்திருந்தார். அக்கா திருப்பிக் கொடுத்த மூன்றாவது நாவலை அப்படியே அவர் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் விரித்துப் பிடித்தபடியே வந்து மேடத்தின் மேசையில் வைத்தார்.

"பாருங்க மேடம். பன்னெண்டாம் பக்கம். 'மாவு மில் அண்ணாச்சி'ன்னு போட்டிருக்கு. இந்தப் பய கடைசியில என்ன செய்யான் தெரியுமா? மாவுல விஷத்தக் கலந்து ரெண்டு கெழவியளக் கொல்லுதான்."

மேடம் பக்கத்தைப் பார்த்தார். ஊரில் மாவு மில் எத்தனையோ இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சின்னும் சேத்துல்லா எழுதிருக்கான். மத்த மில்லு நடத்துததெல்லாம் நேத்துப் பொறந்த பயலுவ. ஊருல மாவு மில்லு அண்ணாச்சின்னா யாரச் சொல்லுவாக? நாளைக்கி நாலு பேரு இத வாசிச்சிட்டு என் மில்லுக்கு அரிசி கொண்டு வருவானா?"

நான் பத்திரிகை மேசையில் இருந்தேன். பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. அக்கா அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். தனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தது அந்த அம்மாதான், அவர் கொண்டுவந்து கொடுத்ததைத் தானே பார்த்ததாக மில்லுக்காரர் அவரைக் காட்டிச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு என்பது எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். மிளகாய் அரைத்த மெஷினைச் சரியாகத் துடைக்காமல் அக்காவின் இடியாப்ப அரிசியைப் போட்டுவிட்டார்கள் என்று, மில்லில் பத்துப் பேர் நிற்கும்போது அக்கா சத்தம் போட்டிருக்கிறார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒளிஞ்சிருந்து எழுத எனக்கு என்ன தலையெழுத்தா அண்ணாச்சி? சொல்லணும்னா ஒங்க மில்லுல வச்சே சொல்லுவேன். சொன்னேன்லா?" என்றார்.

சுவரில் விதிமுறைப் பலகை தொங்குகிறது. புத்தகத்தில் எழுதினால் உறுப்பினர் அட்டை ரத்து என்று ஐந்தாவது வரியில் இருக்கிறது. மில்லுக்காரர் அதை விரலால் காட்டினார். மேடம் புத்தகத்தை மூடித் தன் மேசை இழுப்பறையில் வைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லுதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் யாரும் யாரையும் சொல்ல வேண்டாம்."

அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நிற்கத்தான் செய்தேன். நின்று, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வெளியே வந்துவிட்டேன். சட்டைப் பையில் அட்டை இருந்தது. அதற்குப் பதிலாக அக்காவின் அட்டை போகப்போகிறது என்று தெரிந்துதான் நடந்தேன்.

அந்த வாரம் தறியில் நூல் அறுந்ததை நான்கைந்து முறை கவனிக்காமல் விட்டேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. மேடம் வாசுதேவநல்லூரிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லாத நாள். அன்று காலை பத்து மணி இருக்கும், தறி செட்டின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மேடம் எங்கள் ரோட்டில் வந்துகொண்டிருக்கிறார்.

கையில் ஒரு துண்டுத் தாள். டீக்கடையில் நின்று பலகையைப் பார்த்தார். பிறகு தபால் பெட்டி. பூக்காரம்மாவிடம் ஒரு முழம் பூ வாங்கினார். சைக்கிள் கடையில் நிற்காமல், நடக்கிற வேகத்தை மட்டும் குறைத்தார். மாவு மில்லைத் தாண்டினார். ஹோமியோபதி டாக்டரின் போர்டைப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் தாளைப் பார்த்துக்கொண்டார். ரோடு முடிகிற இடத்தில் எங்கள் செட். வாசலுக்கு எதிர்ப்புறம் நின்று தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. யாரையும் விசாரிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

எனக்குப் பயத்தைவிட முதலில் வந்தது ஆச்சரியம்தான். இதை நான் வாசித்திருக்கிறேன் என்று தோன்றியது. மழையும் கடலும் இல்லை. வெயிலில், ஒரு கையில் பூவும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக, அதே காரியத்தை ஒருவர் என் கண் முன்னால் செய்துவிட்டுப் போகிறார். மாட்டிக்கொண்டவன் நான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். ரோட்டில் யார் யாரை எழுதினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். டீக்கடை, சைக்கிள் கடை, பூக்காரம்மா என்று சொல்லி முடித்தேன்.

"நான் எதுல வாரேன்?" என்றாள்.

எதிலும் இல்லை என்றேன். அவள் இன்னொரு பூண்டை எடுத்துப் பிளந்தாள். பிறகு, "சரி. நாளைக்கிப் போங்க. போகாட்டா அந்தச் சமையல்கார அக்காவத்தான் பிடிப்பாக. பொறவு அவுக மூஞ்சியில எப்பிடி முழிப்பீய?" என்றாள். பூண்டுத் தோலை முறத்தில் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நாவல்களில் வருவது மாதிரி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே உள்ளே நுழைந்தேன். எட்டு நாவல்களிலும் நான் மிகவும் ரசித்த இடம் அது. அந்த வட்டத்தில் உட்காருகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை.

மேடம் யாரையும் கூப்பிடவில்லை. மில்லுக்காரர் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும், திரும்பி வந்த புத்தகங்களைப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொண்டே, "எழுதுனது யாருன்னு தெரிஞ்சிபோச்சு அண்ணாச்சி. அவுகளே சொல்லுவாக. நான் சொல்லப் போறதில்ல" என்றார். அவர் பார்வை பதிவேட்டிலேயே இருந்தது. என் பக்கம் ஒரு நொடிகூடத் திரும்பவில்லை. அவர் எனக்காகத்தான் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

மில்லுக்காரருக்குப் புரியவில்லை. "யாரு சொல்லுவாக? செஞ்சவுக என்னைக்கி வாயத் தொறந்திருக்காக?" என்று அக்காவைப் பார்த்தே சொன்னார்.

அக்கா கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். அதன்மேல் தன் அட்டையையும் எடுத்து வைத்தார். "எடுத்துக்கிடுங்க மேடம். எனக்கு இந்தப் பேச்சு வேண்டாம். மத்தியானம் ஒரு மணி நேரம் வாசிக்கத்தான் வந்தேன்." அவர் குரல் கொஞ்சம் தழைந்திருந்தது. மில்லில் பத்துப் பேர் முன்னால் பேசிய குரல் இல்லை அது.

"நான்தான்" என்றேன்.

அவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை. பத்திரிகை மேசையில் இருந்த நான்கைந்து பேரும் நிமிர்ந்தார்கள். மில்லுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தினமும் காலையில் தன் மில்லைத் தாண்டிப் போகிறவன், தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறவன், இவனா என்று பார்த்தார்.

"ஏம்வே, நான் ஒமக்கு என்ன செஞ்சேன்?"

அவர் ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெயர்கள் மனதில் நிற்கமாட்டேன் என்கின்றன, ரோட்டில் இருப்பவர்களை எழுதிக்கொள்கிறேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. ரோட்டில் இத்தனை பேர் இருக்க, கொலைகாரனுக்கு மட்டும் தன்னை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார்.

"பன்னெண்டாம் பக்கத்துல அவன் கொலைகாரன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அதுல அவன் ரொம்ப நல்லவன். பிள்ளையளுக்கு முட்டாயி குடுக்கான். வயசானவுகளுக்குப் பைய வாங்கித் தூக்கிட்டுப் போறான். பாக்குதவுககிட்ட எல்லாம் சொகமான்னு கேக்கான். நம்ம ரோட்டுல அப்பிடி யாரு இருக்கான்னு பாத்தேன். நீங்கதான் இருந்தீய."

அவர் மில்லுக்கு மாவுத் தூக்கோடு வருகிற குழந்தைகளுக்கு ஒரு கை பொரிகடலை அள்ளிக் கொடுப்பார். பெண்களின் தூக்கைத் தானே இறக்கி வைப்பார். என்னைப் பார்த்தால் "வீட்டுல சொகமா?" என்பார், பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவார், அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொன்ன வரைக்கும் போதுமாக இருந்தது போல.

அக்காதான் முதலில் சிரித்தார். "நல்ல மனுசன்னு நெனச்சி எழுதினா, அது கொலைகாரனாப் போச்சு. இந்தக் கதையள்ல ரொம்ப நல்லவுகதான் கடைசியில மாட்டுதாக. அது தெரியாம எழுதிட்டாரு பாவம்."

மில்லுக்காரர் சிரிக்கவில்லை. மேடத்திடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, மெதுவாக வாசித்தார். முட்டாய் கொடுக்கிற இடமும் பை தூக்குகிற இடமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முடித்ததும் பக்கத்தைத் திருப்பாமல் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு எழுந்து வந்து, "அழிச்சிரணும். எட்டுலயும்" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவர் பக்கம் திரும்பி, "நாளைக்கி அரிசியக் கொடுத்து விடு தாயி. மெசினத் தொடச்சிட்டுப் போடச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் கையை நீட்டினார். நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அட்டை ரத்து என்றும் சொல்லவில்லை, ரத்து இல்லை என்றும் சொல்லவில்லை. எட்டுப் புத்தகங்களையும் ஒரு ரப்பரையும் மேசை ஓரத்தில் எடுத்து வைத்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அழித்தேன். கதையை வாசிப்பதைவிட அழிப்பது மெதுவான வேலை. அழுத்தினால் தாள் கிழியும். விட்டால் தடம் தெரியும். சைக்கிள் கடையும் பூக்காரம்மாவும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இந்த ஆளைப் பற்றி அந்த நூலக அம்மாள் எப்போது சந்தேகப்பட ஆரம்பித்தார் என்று யோசித்தேன். முடிவு தெரிந்தபின் வாசித்தால்தான் அவர் எவ்வளவு முன்னாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று தெரிகிறது.

முதல் நாவலைக் கடைசியாக எடுத்தேன். "மேடம்" என்று எழுதிய மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போது என் காது சூடாகிவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும், எழுத்து இருந்த இடத்தில் தாள் லேசாக மெலிந்து தெரிந்தது. என்னைவிட நன்றாக யாரோ அழித்திருந்தார்கள். மில்லுக்காரர் வந்து கத்திய அன்றோ மறுநாளோ, வேறு யாரும் எட்டுப் புத்தகங்களையும் புரட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அது நடந்திருக்க வேண்டும். நான் தலையைத் தூக்கவில்லை. நான்காம் பக்கத்துக்குப் போனேன்.

எல்லாம் முடிந்ததும் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தேன். மேடம் நான்கைந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அன்றைக்கு நானாகவே ஒரு கேள்வி கேட்டேன். நூலகத்தில் நானாக ஆரம்பித்த முதல் பேச்சு அது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்ததாகச் சொன்னார். மாவு மில்லும் பூக்காரம்மாவும் தபால் பெட்டிப் பக்கம் என்று தெரியும்; மற்றவர்களும் அதே ரோட்டில் இருக்கிறார்களா என்று பார்க்க வந்தார். அந்த ரோட்டில் தினமும் நடக்கிற ஒருவர் வாசித்திருக்கிறார். ரோடு முடிகிற இடத்தில் தறிச் சத்தம் கேட்டது.

"பக்கத்துக்குப் பக்கம் பஞ்சு கெடந்துச்சி அண்ணாச்சி. இந்த நூலகத்துல துணிப் பஞ்சோட புத்தகம் கொண்டு வாரது நீங்க ஒருத்தர்தான். ஆனா பஞ்ச மட்டும் வச்சி ஒரு ஆளச் சொல்லக்கூடாதுல்லா. அதான் நடந்து பாத்தேன்."

நாவலில் வருகிற அம்மாள் கண்டுபிடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். இவர் கண்டுபிடித்துவிட்டு, நான் சொல்வதற்காக இரண்டு நாள் காத்திருந்தார். இரண்டில் எது கடினம் என்று எனக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். இனிமேல் பஞ்சைத் தட்டிவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அக்கா அதுவரை காத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. நான்காவது நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அழித்ததில் தனக்குத்தான் நஷ்டம் என்றார். அவரும் இத்தனை நாள் என் பென்சில் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் கதையைத் தொடர்ந்திருக்கிறார். இப்போது நாலு பேர் ஒரே வீட்டுக்குள் வருகிறார்கள், யார் யார் என்று தெரியவில்லை. எழுதக்கூடாது சரி, வாயால் சொல்லக்கூடாது என்று பலகையில் போடவில்லையே என்று மேடத்தைக் கேட்டார். மேடம் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, போடவில்லைதான் என்றார்.

ஜன்னல் பக்க மேசையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். யார் கொலைகாரர் என்பது வாயில் வந்துவிடாமல், முதல் அத்தியாயத்தில் வருகிற ஏழு பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன். முதல் இரண்டு பேருக்கு வார்த்தை சிக்கியது. மூன்றாவது ஆளுக்கு வரும்போது அக்காவே, "ஓ, சைக்கிள் கடை" என்றார். பிறகு எளிதாக இருந்தது.

மில்லுக்காரர் பக்கத்து மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லை.

"இதுல நான் உண்டுமாவே?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"உண்டு அண்ணாச்சி. ஆனா இதுல நீங்க செத்துப்போறீய. மொத அத்தியாயத்துலயே."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "எப்பிடிச் சாவுதேன்?"

"சாப்பிட்டுட்டு ஈசி சேருல சாஞ்சபடிக்கே. வலி ஒண்ணும் கெடையாது."

அவர் யோசித்தார். "பொறவு?"

"பொறவு ஊரே அழுவுது. கடையெல்லாம் சாத்திருதாக. ஒங்களக் கொன்னவனக் கண்டுபிடிக்காம அந்த அம்மா சாப்பிடவே மாட்டேங்கா."

"அப்பச் சரி" என்று அவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

அக்கா புத்தகத்தைக் கொண்டுபோய் மேடத்திடம் நீட்டினார். மேடம் தேதிச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.